சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம்

பிரிக்பீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி முழுவதிலும் மூன்றாவது மாடியில் பாதியிலும் மகாவிருட்சா அனைத்துலகப் பல்கலைக் கல்லூரி ஓங்கி வளர்ந்து நிற்கிறது. மூன்றாவது மாடியின் மீதிப் பாதியில் தையல் வகுப்பு நடக்கிறது. இதில் அனைத்துலகம் எங்கே என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று வரவேற்பறையில் ஐந்து கடிகாரங்கள் மாட்டியிருக்கிறார்கள். லண்டன் கடிகாரம் நின்றுபோய் இரண்டு வருடமாகிறது. லண்டனில் யாருக்கும் இதனால் பாதிப்பில்லை.

இங்கே இலக்கமுறை, அதாவது டிஜிட்டல், அடையாளப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதன் இயக்குநர் டாக்டர் திருச்செல்வம். எதில் டாக்டர் என்று கேட்டால், “தலைமைத்துவத்தில்” என்பார். அதற்கு மேல் யாராவது கேட்பதற்குள் கைப்பேசியில் அழைப்பு வந்தது போல எழுந்து போய்விடுவார்.

அவர் இந்த வருடத் தொடக்கத்தில் ‘இலக்கமுறை அடையாள வழிகாட்டி’ என்று அறுபத்து நான்கு பக்க நூல் ஒன்றை வெளியிட்டார். ஒன்பது பக்கங்கள் கல்லூரிச் சின்னத்தை எந்தப் பச்சையில் அச்சிட வேண்டும் என்பது பற்றியவை. மீதியின் சாரம் இதுதான். இறுதி ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் படைப்புகளைக் காட்டும் இணையத்தளம் ஒன்றைத் தாமே வடிவமைத்துக் கல்லூரியின் சிஸ்டத்தில் ஏற்ற வேண்டும். நேர்காணலில் தேறினால் தளத்தின் மேல் பச்சைக் குறி விழும். குறி விழுந்தால்தான் பயிற்சி வேலைக்குப் போகலாம்.

இதுவரை நியாயமாகத்தான் இருந்தது. அது டாக்டருக்கே உறுத்தியிருக்க வேண்டும். ஏழாவது விதியைச் சேர்த்தார்: தளத்தின் முகவரி மாணவரின் பெயராகவே இருக்க வேண்டும், அந்தப் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, குறிக்குக் குறி, மாறாமல் இருக்க வேண்டும்.

திறப்பு விழா தடபுடலாக நடந்தது. வெள்ளித் தாம்பாளத்தில் வெல்வெட் துணி விரித்து, அதன்மேல் கணினி மவுஸை வைத்து, அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தார்கள். கல்லூரித் தலைவர் மவுஸை அழுத்தினார். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் நின்றவர் சமயோசிதமாகக் கோங் என்னும் வெண்கலத் தட்டை ஓங்கி அடித்தார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

டாக்டர் திருச்செல்வம் பேசினார். “பதினோரு ஆண்டுகளாக இந்தக் கல்லூரியில் இருக்கிறேன். ஒரு மாணவரின் முகம்கூட எனக்கு நினைவில்லை. அது என் குறையன்று. சிஸ்டம் இல்லாத குறை. இனி அந்தக் கவலை இல்லை. முகவரி இருக்கும்போது முகம் எதற்கு?”

மறுபடியும் கைதட்டல். இம்முறை கோங் அடிப்பவரும் தட்டினார்.

விஷ்ணுப்ரியா கிள்ளான் பெண். வரைகலை வடிவமைப்பில் இறுதி ஆண்டு. தினமும் கொமுட்டர் ரயிலில் வந்து போகிறவள். அப்பா சபாபதி ஷா ஆலமில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மூன்று மாதம் உட்கார்ந்து அவள் அந்தத் தளத்தைக் கட்டினாள். கேரி தீவில் முறுக்குச் சுட்டு விற்கும் குமுதா ஆன்டிக்குச் செய்து கொடுத்த பாக்கெட், கிள்ளான் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குச் செய்த மெனு, வயதானவர்கள் தடுமாறாமல் சரியான பிளாட்ஃபாரத்துக்குப் போக அவளே யோசித்து வரைந்த ரயில் நிலைய அறிவிப்புகள், எல்லாம் அதில் இருந்தன. சொல்லத்தான் வேண்டும், நன்றாகவே இருந்தன.

கல்லூரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி வடிவமைப்பு ஸ்டூடியோ நடத்தும் ஜனகா அதைப் பார்த்துவிட்டு அப்போதே சொல்லிவிட்டார். “உன் வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. காலேஜ் பச்சை டிக்கோட லிங்க் அனுப்பு, சேர்த்துக்கறேன். பதினஞ்சாந் தேதி வரைக்கும்தான் வெயிட் பண்ணுவேன். அதுக்கு மேல வேற ஆளப் போட்டுடுவேன், சாரி லா.”

பயிற்சி வேலை கிடைக்காவிட்டால் பட்டயம் ஆறு மாதம் தள்ளிப்போகும். அந்த ஸ்டூடியோவும் கை நழுவிப் போகும். விஷ்ணுப்ரியாவுக்கு அந்த ஸ்டூடியோவின் நாற்காலி எது, ஜன்னல் எது என்பதுவரை மனதில் முடிவாகியிருந்தது.

ஏழாவது விதிப்படி பெயரை அடித்தாள்: விஷ்ணுப்ரியா ஏ/பி சபாபதி. ‘ஏ/பி’ என்றால் மலாய் மொழியில் ‘அனாக் பெரெம்புவான்’, இன்னாரின் மகள். மகனென்றால் ‘ஏ/எல்’. இந்நாட்டுத் தமிழர் பலரின் அடையாள அட்டையில், தம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே இந்தச் சாய்கோடு பல காலமாகச் சும்மா சாய்ந்துகொண்டு நிற்கிறது. யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை.

பொத்தானை அழுத்தினாள். திரையில் பூ தூவியது.

“வாழ்த்துகள், பி. சபாபதி! நீங்கள் இப்போது எங்கள் இறுதி ஆண்டு மாணவர்.”

கல்லூரி முகப்பு மேசையில் இருக்கும் தங்கமணி அக்காதான் அந்தச் சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்பவர். விஷ்ணுப்ரியா போனபோது அவர் டப்பாவிலிருந்து கொண்டைக்கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, என் பேருக்குப் பதிலா எங்கப்பா பேரு வந்திருக்கு.”

“ஸ்லாஷ் போட்டியா?”

“ஐ.சி. அட்டையில இருக்கே அக்கா.”

“அதான். வெப் அட்ரஸ்ல ஸ்லாஷ் போட்டா அலமாரியத் தொறக்கற மாதிரிமா. கோட்டுக்கு இந்தப் பக்கம் அலமாரி, அந்தப் பக்கம் உள்ள இருக்கற சாமான். சிஸ்டம் கடைசியா இருக்கறதத்தான் ஸ்டூடண்ட்னு எடுத்துக்குது. உங்கப்பாதான் ஸ்டூடண்ட்.”

“அப்ப நான்?”

தங்கமணி அக்கா திரையை ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டார். “நீ ஃபோல்டர்.”

“அலாமா! கோட்ட எடுத்துட்டு ஒரு இடைவெளி விட்டா சரியாயிடும்ல?”

“ரெண்டு நிமிஷ வேலைமா. ஆனா ரூல் செவன் இருக்கே. டாக்டர் சைன் வெக்கணும்.”

டாக்டரைப் பார்க்க ஆறு நாள் ஆனது. பார்த்ததும் அவர் மிகுந்த பரிவோடு உட்காரச் சொன்னார்.

“தங்கச்சி, சிஸ்டம் தப்பு செய்யல. உங்க பேருதான் சிஸ்டத்துக்கு ஏத்த மாதிரி வைக்கப்படல. இதெல்லாம் பிறக்கும்போதே யோசிச்சிருக்கணும். இன்னைக்கு உங்களுக்காக ஒரு கோட்ட எடுத்தா, சிஸ்டம் தப்புன்னு ஆயிடும். சிஸ்டம் தப்புன்னா அதத் தொடக்கி வெச்ச தலைவர் தப்புன்னு ஆயிடும். அப்புறம் அந்தக் கோங்குக்கு என்ன மரியாதை?”

பிறகு தன் பெயரட்டையை எடுத்து நீட்டினார். அதில் ‘டாக்டர் திருச்செல்வம்’ என்று மட்டும் பொன்னெழுத்தில் இருந்தது. “பாருங்க. முன்னால பின்னால எதுவும் கிடையாது. அப்பா பேரே வெச்சுக்கறதில்ல நான். சுத்தமான அடையாளம்!”

“நான் இப்ப என்ன சார் பண்றது?”

“உங்க அப்பாவ வரச் சொல்லுங்க. ஸ்டூடண்ட் அவர்தானே?”

அன்று முதல் சபாபதிக்குக் கல்லூரியிலிருந்து குறுஞ்செய்திகள் வரத் தொடங்கின. அன்பு மாணவரே, உங்கள் வருகை சுழியம் விழுக்காடு. அன்பு மாணவரே, தலைமுடியைக் கல்லூரி விதிப்படி வெட்டிக்கொள்ளுங்கள். சபாபதிக்கு வெட்டும் அளவுக்கு முடி இல்லை. அதை அவர் மரியாதையாகப் பதில் எழுதித் தெரிவித்தார். ஒருநாள் ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்திருக்கும்போது மாணவர் நல ஆலோசகர் அழைத்து, தீய நண்பர்களோடு சேர்வதால்தான் வகுப்புக்கு வருவதில்லையா என்று கேட்டார். சபாபதி சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். கூட வேலை செய்பவர்கள் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். “ஆமாங்க, கொஞ்சம் அப்படித்தான்” என்று ஒப்புக்கொண்டார்.

இது ஒரு வீட்டுக் கதையாக இருந்தால் பரவாயில்லை. இறுதி ஆண்டில் கோடு போட்ட பெயர்கள் முப்பத்தொன்று இருந்தன. முப்பத்தொரு அப்பாக்களும் மாணவர்களானார்கள். டெங்கிலிலிருந்து ஓர் அப்பா உண்மையாகவே அறிமுக நாளுக்கு வந்துவிட்டார். கல்லூரிச் சட்டை கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு இசை நாற்காலிப் போட்டியில் முதல் பரிசு வாங்கிப் போனார். காலமாகிவிட்ட இரண்டு அப்பாக்களுக்கு வருகைக் குறைவுக்கான எச்சரிக்கைக் கடிதம் போனது. பதில் வராததால் இரண்டாவது கடிதமும் போனது.

கல்லூரி நிர்வாகம் விழித்துக்கொண்டது, ஆனால் வேறு பக்கம் திரும்பி. ஒரே பருவத்தில், சராசரி ஐம்பத்து நான்கு வயதுள்ள முப்பத்தொரு பேர் இறுதி ஆண்டில் சேர்ந்திருக்கிறார்கள் என்று அறிக்கை சொன்னது. அதை ஏதோ ஓர் அமைப்புக்கு அனுப்ப, ‘வாழ்நாள் கல்விச் சுடர்’ விருதுக்குக் கல்லூரியின் பெயர் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டது. மாடிப்படியில் பதாகை ஏறியது. விருது கைக்கு வரும்வரை கோட்டை யாரும் தொடக் கூடாது என்று டாக்டர் எழுத்து மூலம் உத்தரவிட்டார்.

வேறு வழியில்லை. பதின்மூன்றாம் தேதி சபாபதி அரை நாள் லீவு போட்டுவிட்டு, தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நேர்காணலுக்கு வந்தார். விஷ்ணுப்ரியாவும் உள்ளே போகலாமா என்பது பற்றிச் சிறு விவாதம் நடந்தது. ஃபோல்டர் இல்லாமல் கோப்பு திறக்காது என்று தங்கமணி அக்கா எடுத்துச் சொன்ன பிறகு அனுமதித்தார்கள். ஆனால் பேசக் கூடாது.

நேர்காணல் குழுவில் மூன்று பேர். நடுவில் டாக்டர்.

“மாணவர் சபாபதி, இந்தத் தளத்தை வடிவமைத்தபோது உங்கள் தத்துவம் என்ன?”

சபாபதி மகளைப் பார்த்தார். அவள் பேசக் கூடாது. “தேடறவங்களுக்குச் சாமான் சட்டுனு கிடைக்கணும் சார். அவ்ளோதான்.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுதிக்கொண்டார்கள்.

“தளப் பக்கங்களில் இவ்வளவு வெற்றிடம் விட்டிருக்கிறீர்களே, ஏன்?”

“எடம் விடலைன்னா ஃபோர்க்லிஃப்ட் எப்படிங்க திரும்பும்?”

“அற்புதம்” என்றார் டாக்டர். “இருபது வருட ஆய்வில் நான் இப்படி ஒரு உவமை கேட்டதில்லை.” எண்பத்திரண்டு மதிப்பெண். விஷ்ணுப்ரியா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒன்றுதான் பாக்கி. உறுதிமொழித் தாளை நீட்டினார்கள். சபாபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

“இத்தளத்தில் உள்ள அனைத்தும் என் சொந்தப் படைப்பு என்று உறுதி கூறுகிறேன்.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“இது என்னோடது இல்லைங்களே. என் மக செஞ்சது.”

“அது எங்களுக்கும் தெரியும்” என்றார் டாக்டர் பெருந்தன்மையாக. “சிஸ்டத்துக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். போடுங்க.”

“இல்ல சார். அவ பொறந்ததிலேருந்து என் பேரத் தூக்கிட்டு அலையறா, அது வேற. அவ வேலைய நான் என் பேர்ல எழுதிக்கலாமா? மூணு மாசம் இது தூங்கல சார். நான் பார்த்தேன்.”

கையெழுத்து இல்லாததால் தேர்ச்சி நிறுத்தி வைக்கப்பட்டது. டாக்டருக்கு உண்மையாகவே வருத்தம். நல்ல மாணவர், பிடிவாதம்தான் கெடுத்துவிட்டது என்றார்.

கொமுட்டரில் அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பந்தாய் டாலாம் நிலையம் தாண்டியதும் விஷ்ணுப்ரியாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

“ஒரே ஒரு கையெழுத்துப்பா! போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.”

“போட்டிருந்தா அந்த ஜனகா என்னையில்லம்மா வேலைக்குக் கூப்பிடும்?”

“சிரிப்பு காட்டாதீங்கப்பா. நாளன்னைக்குத்தான் கடைசி நாள்.”

சபாபதிக்கும் மனசு சரியில்லை. அந்த மாதிரி நேரத்தில் அவர் வேலையிடத்துக் கதை எதையாவது எடுத்துவிடுவார்.

“எங்க கிடங்குலயும் ஒரு சிஸ்டம் இருக்கு. ரேக்ல எதை வெச்சாலும் நம்பர் குடுத்துடும். தப்பு தப்பா சாமான் போவுதுன்னு ரெண்டு வருஷமா கத்துனோம், மேனேஜர் காதுல வாங்கல. ஒருநாள் அவரோட சாப்பாட்டு டப்பாவ யாரோ மறந்து ரேக்ல வெச்சுட்டாங்க. சிஸ்டம் அதுக்கும் நம்பர் போட்டு லோரில ஏத்தி ஜொகூருக்கு அனுப்பிருச்சு. அன்னைக்குச் சாயந்திரமே சரி பண்ணிட்டாங்கலா.”

விஷ்ணுப்ரியா மூக்கைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து வழிகாட்டியை எடுத்துப் படிக்கத் தொடங்கினாள். அறுபத்து நான்கு பக்கத்தையும் முழுதாகப் படித்த முதல் ஆள் அவள்தான், எழுதியவர் உட்பட. கிள்ளான் வருவதற்குள் பதினெட்டாவது விதி கிடைத்துவிட்டது: ஊழியரோ மாணவரோ, ஒருவருக்கு ஒரே அடையாளம், புதிய அடையாளம் பதிவானால் பழையது தானாகவே ரத்தாகும்.

ரயிலிலிருந்து இறங்கியதும் தங்கமணி அக்காவை அழைத்தாள். “அக்கா, ஒரு ஃபோல்டருக்குள்ள எத்தனை பேர வெக்கலாம்?”

“எத்தனை வேணும்னாலும் வெக்கலாம். பாஸ்வர்ட் உன்கிட்டதானே இருக்கு.” அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. “ஏம்மா கேக்கற? இல்ல வேணாம், சொல்லாத. எனக்கு ஒண்ணும் தெரியாது.”

பதினான்காம் தேதி காலை எட்டு மணிக்கு, விஷ்ணுப்ரியா தன் ஃபோல்டருக்குள் புதிய பக்கம் ஒன்றைத் திறந்து, பொன்னெழுத்தில் பார்த்தபடியே பெயரை அடித்தாள். முன்னால் பின்னால் எதுவும் சேர்க்கவில்லை. திரையில் பூ தூவியது.

“வாழ்த்துகள், டாக்டர் திருச்செல்வம்! நீங்கள் இப்போது எங்கள் இறுதி ஆண்டு மாணவர்.”

ஒன்பது மணிக்கு டாக்டர் வந்தார். கீழே கடையில் இரண்டு கிளாஸ் தே தாரேக் டீ குடித்துவிட்டு வந்திருந்தார். தன் அறைக் கதவில் அட்டையைத் தேய்த்தார். ‘மாணவர்களுக்கு அனுமதி இல்லை’ என்றது கதவு. இரண்டாவது தே தாரேக் வேலையைக் காட்டத் தொடங்கவே, ஊழியர் கழிப்பறைக்கு ஓடி அட்டையைத் தேய்த்தார். அதுவும் அதையே சொன்னது. மாணவர் கழிப்பறை பழுது என்று பூட்டப்பட்டு இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. பூட்டச் சொன்னவரும் அவர்தான். கைப்பேசி சிணுங்கியது. அன்பு மாணவரே, உங்கள் வருகை சுழியம் விழுக்காடு.

முகப்பில் மாணவர்கள் வரிசை நின்றது. டாக்டர் நேராக முன்னால் போகப் பார்த்தார்.

“ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் லைன்ல வாங்க” என்றார் தங்கமணி அக்கா, தலையை நிமிர்த்தாமல்.

பதினைந்து நிமிடம் வரிசையில் நெளிந்து நின்றார். முறை வந்தது.

“தங்கமணி, என்ன இது! உடனே மாத்து!”

“மாத்திடலாம் டாக்டர். ஐ.சி. குடுங்க. ஐ.சி.ல உள்ளபடி எழுத்துக்கு எழுத்து, குறிக்குக் குறி அடிச்சுடறேன்.”

டாக்டர் அட்டையைக் கொடுக்கத் தயங்கினார். வரிசை முழுவதும் எட்டிப் பார்த்தது. கொடுத்தார். தங்கமணி அக்கா சத்தமாகப் படித்தார். “திருச்செல்வம் ஏ/எல் சின்னையா. ஓ, உங்களுக்கும் கோடு இருக்கா டாக்டர்? இத அடிச்சா உங்கப்பா ஸ்டூடண்ட் ஆயிடுவாரு. நீங்க ஃபோல்டர்.”

“எங்கப்பா செத்து இருபது வருஷம் ஆச்சு!”

“பரவால்ல டாக்டர், அவங்க பேட்ச்ல ஏற்கெனவே ரெண்டு பேர் அப்படி இருக்காங்க.”

டாக்டர் திருச்செல்வம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். ஒரு பக்கம் மாணவர், மறுபக்கம் ஃபோல்டர். இரண்டுக்கும் கழிப்பறை இல்லை. விருது, கோங், தலைவர் எல்லாம் ஒரு நொடி கண்ணில் தெரிந்திருக்கும்.

“கோட்ட எடுத்துத் தொலை!”

“சைன் டாக்டர். ரூல் செவன்.”

முகப்பு மேசையிலேயே குனிந்து கையெழுத்துப் போட்டார். எல்லாப் பெயர்களிலும் கோட்டை எடுக்க, தங்கமணி அக்கா சொன்னபடி இரண்டே நிமிட வேலைதான். டாக்டர் ஓடினார்.

பதினொரு மணிக்கு விஷ்ணுப்ரியா உறுதிமொழித் தாளில் தன் கையெழுத்தைப் போட்டாள். எண்பத்திரண்டு மதிப்பெண்ணும் அப்படியே அவள் பெயருக்கு வந்தது. பச்சைக் குறி விழுந்தது. லிங்க்கை ஜனகாவுக்கு அனுப்பினாள். ‘திங்கள் எட்டரைக்கு வா’ என்று பதில் வந்தபோது முகப்பிலேயே குதித்துவிட்டாள். கொண்டைக்கடலை டப்பா கீழே விழுந்தது. தங்கமணி அக்கா திட்டவில்லை.

அடுத்த மாதமே டாக்டர் ‘சாய்கோடற்ற அடையாளம்’ என்ற புதிய திட்டத்தைக் கோங் முழங்கத் தொடக்கி வைத்தார். எதிர்காலத்தை முன்கூட்டியே உணர்ந்து தாமே தனிப்பட்ட முறையில் சோதித்துப் பார்த்த திட்டம் என்றார். “அதே வேளையில், முப்பத்தொரு மூத்த மாணவர்கள் ஒரே நாளில் கல்வியைக் கைவிட்டது எனக்கு வேதனை. அவர்களைப் பெற்றோர்தான் கண்டித்து அனுப்ப வேண்டும்.”

சபாபதிக்கும் கடைசிச் செய்தி வந்தது. அன்பு மாணவரே, உறுதிமொழியில் கையெழுத்திடாததால் நீக்கப்படுகிறீர்கள். அதைக் கிடங்கில் எல்லோரிடமும் காட்டினார். படிக்கும் காலத்தில் கொஞ்சம் முரடனாக இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விஷ்ணுப்ரியா தளத்தின் அடியில் புதிதாக ஒரு வரி சேர்த்து அப்பாவுக்குக் காட்டினாள்.

‘இங்குள்ள அனைத்தும் என் சொந்தப் படைப்பு. பெயரில் பாதி மட்டும் அப்பாவுடையது.’

சபாபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

“உனக்கு ஆறெழுத்து, எனக்கு நாலுதான். பாதின்னு எப்படிப் போட்ட?”

“வேணும்னா அந்தக் கோட்டையும் சேர்த்து எடுத்துக்கங்கப்பா.”

“ஐயோ, வேணாம்லா” என்றார் சபாபதி. “அத டாக்டரே வெச்சுக்கட்டும்.”